முயலின் பொழுது

கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள ஊர்களில், கறிக்கோழிப் பண்ணைகளை விட்டுவிட்டால், வீட்டு உயிர்களை இரவும் பகலும் அடைத்து வைக்கும் பழக்கம் முன்பு இருந்ததில்லை. ஆட்டுக்குப் பட்டி உண்டு, அது இரவுக்கானது. மாட்டுக்குக் கட்டுத்தறி உண்டு. மேய்ச்சலுக்குக் கயிறு அவிழும். கோழியைக் கூடையால் கவிழ்த்து மூடுவார்கள். கிழக்கு வெளுத்ததும் வீட்டுப் பெண்களின் முதல் வேலை அந்தக் கூடையை நிமிர்த்துவதுதான். நரியும் கீரியும் கொண்டுபோகாமல் இருக்கவே அடைப்பு ஏற்பட்டது. ஆபத்தான பொழுது கழிந்ததும் அது திறந்துவிடும். எந்த உயிரை எந்தப் பொழுதில் திறக்கவேண்டும் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இந்தப் பழைய ஒழுங்கில் இடம்பெறாத ஓர் உயிர் இப்போது நம் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்காகக் கூண்டோடு சேர்த்து வாங்கப்படும் வெள்ளை முயல் அது. கூண்டு மாடிப்படியின் கீழோ, தகரக் கூரை போட்ட கொட்டகையிலோ, மொட்டைமாடியிலோ வைக்கப்படுகிறது. காலையில் கேரட்டும் கீரையும் உள்ளே போகின்றன. விடுமுறை நாளில் பிள்ளைகளுக்குத் தோன்றினால், பெரும்பாலும் நண்பகலில், அரைமணி நேரம் திறந்துவிடுகிறார்கள். துரத்திப் பிடித்து மீண்டும் உள்ளே போடுகிறார்கள். மற்ற நேரமெல்லாம் கம்பிவலைதான்.

நாம் இங்கே சொல்ல விழைவது ஒன்றே ஒன்று. கூண்டுக்கு வெளியே முயல் உலாவும் நேரம், நம் ஓய்வைப் பொறுத்து நாம் வழங்கும் சலுகை அன்று. தீனியைப் போலவும் தண்ணீரைப் போலவும் அது அவ்வுயிருக்குரிய அன்றாடப் பங்கு. அந்தப் பங்கை அதன் பொழுதில் கொடுக்கவேண்டும். நமக்கு வசதியான பொழுதில் கொடுத்தால் கொடுத்ததாகாது.

இதில் நமக்குள்ள முதல் இடர் மொழியிலேயே இருக்கிறது. தமிழில் முயல் என்ற ஒரே சொல் இரண்டு வேறு விலங்குகளைக் குறிக்கிறது. கல்வராயன் மலைச் சரிவுகளிலும் அடிவாரத்துப் புன்செய்க் காடுகளிலும் வாழ்வது பிடரியில் கருமை படர்ந்த நம் நாட்டுக் காட்டுமுயல். அது வளை தோண்டுவதில்லை. புல்லுக்கும் புதருக்கும் இடையில் உடலளவுக்கு ஒரு பள்ளத்தை அழுத்தி அதில் பகலெல்லாம் அசையாமல் கிடக்கும். மாலை மங்கியபின் மேய எழும். அதன் குட்டிகள் உரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கின்றன. கூண்டில் இருக்கும் வெள்ளை முயலோ ஐபீரியத் தீபகற்பத்தைப் பூர்வீகமாகக் கொண்ட, வளை தோண்டிக் கூட்டமாக வாழும் இனத்தின் வழிவந்தது. அதன் குட்டிகள் உரோமமின்றி, கண் திறவாமல் பிறப்பவை. இரண்டுக்கும் குரோமோசோம் எண்ணிக்கையே வேறு: காட்டுமுயலுக்கு 48, வீட்டுமுயலுக்கு 44. ஒரு பெயரைப் பகிர்ந்துகொள்வதால் இவற்றை உடன்பிறப்புகளாக நினைத்துவிடுகிறோம்.

நம் இலக்கிய மரபும் இவ்விஷயத்தில் உதவுவதாக இல்லை. சங்கப் பாடல்களில் முயல் வருகிறது; வேட்டைப்பொருளாகவும் உணவாகவும் வருகிறது. படைச்செருக்கு அதிகாரத்தில் (குறள் 772) வள்ளுவர், கானகத்து முயலை வீழ்த்திய அம்பைவிட யானையைக் குறிவைத்துத் தவறிய வேலை ஏந்துவது இனிது என்கிறார். அங்கே முயல் எளிதில் கிட்டும் இலக்கு, அவ்வளவே. நிலவின் களங்கத்தில் முயலைக் கண்டார்கள். கதைகளில் சிங்கத்தைக் கிணற்றில் தள்ளும் சூழ்ச்சிக்காரனாக்கினார்கள். அடுப்பிலும் ஆகாயத்திலும் கதையிலும் இருந்த முயல் நம் முற்றத்தில் மட்டும் இருந்ததில்லை. கிளிக்குக் கூடு, முயலுக்கு வலை என்பதே நம் மரபில் அவ்விரண்டுக்கும் வாய்த்தவை. ஆகவே கோழிக்கும் ஆட்டுக்கும் இருப்பதுபோல முயல் வளர்ப்புக்கென்று பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்துசேர்ந்த அறிவு எதுவும் நம்மிடம் இல்லை. புதிதாகத்தான் கற்றுக்கொள்ளவேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது? உடலிலிருந்து தொடங்கலாம். முயலின் எலும்புக்கூடு அதன் எடையில் 8 விழுக்காடு அளவே இருக்கும். பூனைக்கு இது 12 அல்லது 13 விழுக்காடு. பின்னங்கால்களின் தசையோ மிகுந்த வலுவுடையது. ஓடவும் தாவவும் அமைந்த இந்த உடலை இரண்டடிக் கூண்டில் மாதக்கணக்கில் வைத்தால் எலும்பு மேலும் நலிகிறது. பின்னொருநாள் மிரண்டு உதறும்போது தன் தசையின் விசையாலேயே முதுகெலும்பு முறிந்துபோகும் முயல்கள் உண்டு. அதன் குடல் இயங்குவதற்கு நார்ச்சத்து எவ்வளவு தேவையோ அவ்வளவு ஓட்டமும் தேவை. முன்பற்கள் வாழ்நாள் முழுதும், வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வீதம் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. கடிப்பதற்கு நல்ல பொருள் இல்லாதபோது அது கம்பியைக் கடிக்கிறது. அதைச் சேட்டை என்று நாம் சிரிக்கிறோம்.

அடுத்தது பொழுது. முயல் முழுமையான பகல் விலங்கும் அன்று, முழுமையான இரவு விலங்கும் அன்று. விடியலும் அந்தியும் அதன் வேளைகள். பிரிட்டிஷ் இயற்கையியலாளர் ஆர். எம். லாக்லி காட்டில் வாழும் வளைமுயல்களை நெடுங்காலம் கவனித்து 1964-இல் ஒரு நூல் எழுதினார். அதைத் துணையாகக் கொண்டே ரிச்சர்டு ஆடம்ஸ் 1972-இல் தம் ‘வாட்டர்ஷிப் டவுன்’ நாவலைப் படைத்தார். அந்நாவலின் முயல்கள் அந்தியில் வளையைவிட்டு மேயப் புறப்படுவது கற்பனையழகுக்காகச் செய்யப்பட்டதன்று. அது அவ்வினத்தின் நாட்குறிப்பு. கோழிக்குரிய கடிகாரத்தை முயலுக்குப் பொருத்துவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பிழை. நண்பகலில் திறந்துவிட்டுவிட்டு, அது மூலையில் ஒடுங்குவதைப் பார்த்து, இதற்கு வெளியே வரவே பிடிக்கவில்லை என்று முடிவுகட்டுகிறார்கள். உறக்கத்தில் எழுப்பப்பட்டவன் விளையாட மறுப்பதில் என்ன வியப்பு?

கள்ளக்குறிச்சியின் வெயிலும் இந்தக் கடிகாரத்தையே ஆதரிக்கிறது. முயலுக்கு வியர்ப்பதில்லை; நாயைப்போல் நாக்கை நீட்டி இரைத்து உடலைத் தணித்துக்கொள்ளவும் அதனால் இயலாது. நீண்ட செவிகளின் இரத்த நாளங்கள் வழியாகவே அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. காற்றின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அதற்குத் துன்பம் தொடங்குகிறது. சித்திரை, வைகாசியில் இச்சமவெளியில் 38 டிகிரிக்கு மேல் காயும் நாட்கள் பல. தமிழகத்தில் முயல் ஆராய்ச்சிக்கு மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிறுவனம் தன் தென்மண்டல மையத்தைக் கொடைக்கானல் மேல்மலையில், குளிர்ந்த மன்னவனூரில் அமைத்திருப்பது நினைக்கத்தக்கது. அங்கே வளரும் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்கள் குளிருக்குப் பழகியவை. அவற்றின் உறவினத்தைத்தான் நாம் தகரக் கூரையின் கீழ் வைத்திருக்கிறோம். ஆகவே கோடையில் நண்பகலில் வெளியே விடுவது இரக்கமாகாது. அந்நேரத்தில் அதற்கு வேண்டியது நிழலும் காற்றும் குளிர்ந்த தரையும் தண்ணீரும்தான்.

விடியற்காலை 5 மணிமுதல் 7 மணிவரை, மாலை 6 மணிமுதல் 9 மணிவரை என்று வைத்துக்கொண்டால் முயலின் இயல்புக்கும் நம் ஊர் வெயிலுக்கும் ஒருங்கே பொருந்துகிறது. பணிக்குச் செல்வோருக்கும் இவை வீட்டில் இருக்கும் நேரங்களே. நாளொன்றுக்கு மூன்று நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல், நாள்தோறும் ஒரே வேளையில் திறப்பது முக்கியம். ஒருநாள் ஐந்து மணி நேரமும் அடுத்த மூன்று நாள் ஒன்றுமில்லாமலும் விடுவதில் பயனில்லை. வேளை தெரிந்த முயல் அந்த வேளைக்குக் கதவருகே வந்து காத்திருக்கும்.

திறப்பதற்குமுன் இடத்தை ஒழுங்குசெய்யவேண்டும். முதல் வாரத்தில் ஓர் அறை போதும். மிகப் பரந்த வெளி அதை அச்சுறுத்தும். மின்கம்பிகளை உயரத்தில் ஏற்றவேண்டும், அல்லது குழாய்க்குள் மறைக்கவேண்டும். முயலின் பல்லுக்கு அவை வேர்போலத் தோன்றும். முயலின் பாதத்தில் நாய்க்கு உள்ளதுபோல மெத்தைத் தசை இல்லை, உரோமமே உண்டு. வழவழப்பான டைல்ஸ் தரையில் அது வழுக்கும். வழுக்கினால் ஓட அஞ்சும். சாக்கோ கோரைப்பாயோ விரித்தால் போதும். கோரையைக் கடித்தாலும் கேடில்லை. நைலான் பாய் ஆகாது. இருபுறமும் திறந்த ஓர் அட்டைப்பெட்டி வைத்தால் வளையில் நுழையும் இயல்புக்கு ஒரு போக்கிடம் கிடைக்கும். அது எந்த மூலையில் சிறுநீர் கழிக்கிறதோ அங்கேயே வைக்கோல் இட்ட தட்டு ஒன்றை வைத்தால், சில நாட்களில் அத்தட்டையே தேடிப் போகும்.

முற்றத்தில் விடுவோர்க்கு எச்சரிக்கை கூடுதல். வேலியோரத்து அரளியும் எருக்கும் நஞ்சு. இப்பகுதியில் எங்கும் விளையும் மரவள்ளியின் பச்சையிலையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அதை முயல் எட்டும் இடத்தில் போடலாகாது. தெருநாயும் பூனையும் கீரியும் பருந்தும் இருக்கும் ஊரில் ஆளில்லாமல் விடக்கூடாது. இடம் உள்ளவர்கள் ஒரு பாத்தியில் முயல்மசாலோ வேலிமசாலோ விதைத்தால் மேய்ச்சல் என்ற சொல்லுக்கு உரிய பொருள் அதற்கும் கிடைக்கும். ஆண் பெண் இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் 31 நாளில் குட்டிகள் பிறக்கும் என்பதையும் மறக்கலாகாது. வேண்டாத குட்டிகளுக்கு வேண்டாத கூண்டுகளே காத்திருக்கும்.

மிகவும் கவனிக்கவேண்டியது, நேரம் முடிந்தபின் எப்படி உள்ளே கொண்டுபோவது என்பதுதான். துரத்துவதும் காதைப் பிடித்துத் தூக்குவதும் முயலுக்கு ஒரே அனுபவம்: இரைதேடும் விலங்கிடம் அகப்படுவது. வெளியுலா ஒவ்வொன்றும் இந்த அச்சத்தில் முடியுமானால், மறுநாள் அது வெளியே வரத் தயங்குவது இயற்கை. உலாவும் நேரம் முழுதும் கூண்டின் கதவு திறந்தே இருக்கட்டும். உள்ளே தீனியை வைத்து, தினமும் ஒரே ஒலியை எழுப்பினால், அதுவே போய்ச் சேரும். அப்போது கூண்டும் சிறையாக இராது. தானே போய்ப் படுக்கும் வளையாகிவிடும். முயலை வீட்டுக்குள் உலாவவிட்டு வளர்க்கும் முறையை 1985-இல் தன் கையேட்டின் வழியே பரப்பிய அமெரிக்கப் பெண்மணி மரினெல் ஹாரிமனும், 1988-இல் கலிபோர்னியாவில் தோன்றிய வீட்டுமுயல் சங்கமும் இத்தகைய வீட்டு வாழ்வையே முன்வைத்தார்கள்.

ஆனால் இதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பே ஒரு கவிஞர் இதைச் செய்து பார்த்திருக்கிறார். ஆங்கிலக் கவி வில்லியம் கூப்பர், கடும் மனநோயிலிருந்து மீண்டுகொண்டிருந்த 1774-ஆம் ஆண்டில், ஓல்னி என்ற சிற்றூரில் மூன்று முயல்களை வளர்க்கத் தொடங்கினார். அவை வீட்டுமுயல்கள் அல்ல, அந்நாட்டுக் காட்டுமுயல்கள். புஸ், டைனி, பெஸ் என்று பெயர். அவற்றின் வாழ்வை 1784-இல் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் அவரே எழுதினார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படுக்கையறை செய்துகொடுத்தார். மாலையில் வரவேற்பறைக் கம்பளத்தில் அவிழ்த்துவிட்டார். புஸ் நோயுற்றபோது அவர் செய்த பணிவிடையால் அவரிடம் ஒட்டிக்கொண்டது. தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் அவர் முழங்காலில் தட்டி, மேலங்கியின் ஓரத்தைப் பல்லால் இழுக்கும் அளவுக்கு நெருங்கியது. அது ஏறத்தாழ 12 ஆண்டுகள் வாழ்ந்து 1786-இல் இறந்தது.

நமக்கு முக்கியமாகப் படுவது புஸ் அன்று, டைனி. அதே வீடு, அதே தீனி, அதே கம்பளம். ஆயினும் டைனி இறுதிவரை பழகவில்லை. தொட்டால் உறுமியது, முன்காலால் அடித்தது, கடித்தது. ஆனாலும் மாலைதோறும் அதற்கும் கம்பளம் கிடைத்தது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அது வாழ்ந்தது. இறந்தபின் கூப்பர் அதற்கு இரங்கற்பா எழுதினார். பழகாத முயலின் பங்கை அவர் குறைக்கவில்லை. நாம் இன்று கேட்கும் புலம்பலை நினைத்துப் பார்க்கலாம்: “மடியிலேயே வரமாட்டேன் என்கிறது, இதை எதற்குத் திறந்துவிடுவது?” மடிக்கு வருவதை வாடகையாகக் கேட்பவர்கள் ஓலைக்கிளி பொம்மை வாங்கி வைத்துக்கொள்வதே முறை. வெளியுலா அன்புக்குக் கொடுக்கும் கூலியாக இருத்தல் கூடாது.

கூண்டிலேயே பிறந்த முயலுக்கு வெளி என்ன தெரியும் என்று கேட்போர் உண்டு. ஆடம்ஸின் நாவலில் பண்ணைக் கூண்டிலிருந்து மீட்கப்படும் முயல்கள் திறந்தவெளியைக் கண்டதும் திகைத்து நின்றுவிடுகின்றன. அவற்றில் ஒன்று மீண்டும் மனிதர் கையில் அகப்படுகிறது. ஆனால் குளோவர் என்ற பெண்முயல் பிழைத்துக் காட்டு வாழ்வைக் கற்றுக்கொள்கிறது. தெரியாமை என்பது தேவையின்மை ஆகாது. இரண்டு வாரம் வேளை தவறாமல் திறந்துவைத்துப் பாருங்கள். அது அந்தரத்தில் எழும்பி, உடலை முறுக்கி, காலை உதறித் துள்ளும் நாள் வரும். கற்றுக்கொடுக்காமல் வரும் அத்துள்ளலே இக்கேள்விக்கு விடை.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்றிருக்கிறது. 2024 ஜூன் மாதம் இதே கள்ளக்குறிச்சியில் நஞ்சான சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்ட மனிதர்கள் மாண்டார்கள். கல்வராயன் மலையில் சாலைக்கும் மருத்துவத்துக்கும் இன்றும் காத்திருக்கும் சிற்றூர்கள் உள்ளன. இந்த மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு முயலின் மாலைப்பொழுதைப் பற்றிப் பேசலாமா? பேசலாம் என்றே நாம் கருதுகிறோம். மனிதர் பாட்டை மறைக்காதவரையில். முயலுக்குக் கதவைத் திறப்பதால் எந்த மனிதருக்கும் எதுவும் குறைந்துவிடாது. மலைக்குச் சாலை போடுவது அரசின் கையில் இருக்கிறது. கூண்டுக் கதவு நம் கையிலேயே இருக்கிறது. பிறர் வேண்டியே வாங்கிவந்த உயிர் அன்று. நாம் விலைகொடுத்து வாங்கி அடைத்த உயிர். கடமை அங்கேதான் பிறக்கிறது. சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், நியாயமான அளவுக்கு அசைந்து நடமாடும் வாய்ப்பளிக்காத உயர நீள அகலமுள்ள கூண்டில் விலங்கை அடைப்பதைக் குற்றம் என்கிறது.

இன்னோர் எல்லைக்குப் போகிறவர்களும் உண்டு. வைத்துக்கொள்ள முடியவில்லை, கல்வராயன் மலையில் கொண்டுபோய் விட்டால் தன் இனத்தோடு சேர்ந்துவிடும் என்பது அவர்கள் நினைப்பு. ஒரே சொல் செய்யும் மயக்கம் இது. அங்கே அதன் இனம் இல்லை. இருப்பது வேறு விலங்கு, வேறு வாழ்க்கை. 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் வேட்டைக்காக விட்ட சில முயல்கள் பெருகி, 1901 முதல் 1907 வரை மேற்குப் பகுதியில் பெருவேலி எழுப்பும் நிலைக்கும், 1950-இல் கிருமியைப் பரப்பிக் கொல்லும் நிலைக்கும் அந்நாட்டைக் கொண்டுசென்றன. கல்வராயனில் அப்படி நிகழும் என்று நாம் அஞ்சவில்லை, நேர்மாறானது நிகழும். வெண்மை மாறாத உடலோடு, ஒளியத் தெரியாமல், முதலிரவிலேயே நாய்க்கோ நரிக்கோ இரையாகும். இதன் மறுதலையும் தவறே: வயலில் அகப்பட்ட காட்டுமுயல் குட்டியை இரக்கத்தால் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதமானது. காட்டின் முயல் காட்டில் இருக்கட்டும். நம்மை நம்பிப் பிறந்த முயலுக்குக் காடு இல்லை. நம் வீட்டின் ஓர் அறையும் முற்றத்தின் ஒரு மூலையும்தான் அதன் உலகம்.

அந்த உலகத்தை நாளுக்கு நான்கு மணி நேரம் திறந்துவைக்க இயலாதவர்கள் முயல் வாங்காதிருப்பதே நல்லது. பிள்ளைகள் அழுவார்கள்; அழுகை ஒரு மாலையில் ஓயும். நன்றாகப் பேணப்பட்ட முயல் எட்டு, பத்து ஆண்டுகள் வாழும். அந்தப் பிள்ளை பள்ளிப்படிப்பை முடித்து வெளியூர் போனபின்னும் அது இருக்கும். வாங்கியவர்கள், கூண்டின் அளவைக் கடைக்காரரிடம் கேட்பதோடு நில்லாமல், தங்கள் விடியலிலும் அந்தியிலும் எவ்வளவு ஒழிவு இருக்கிறது என்று தங்களையே கேட்டுக்கொள்ளவேண்டும். கிழக்கு வெளுக்கும்போது கோழிக்கூடையை நிமிர்த்திய கைகள் நம் முன்னோருடையவை. அவர்களுக்கு அது தருமமாகக்கூடத் தோன்றியிருக்காது. வீட்டுவேலைகளில் ஒன்று, அவ்வளவே. முயலின் கதவும் அப்படி ஒரு வீட்டுவேலையாக ஆகவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.